மண்டபத்து வாசலில் தொடர்ந்த கூட்டம்

புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள். உங்களுக்கு அறிக்கை எழுதத் தெரியும், மேடையில் பேசத் தெரியும், நிருபர்களைச் சமாளிக்கத் தெரியும். அதில் எதையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பயிற்சி வகுப்புக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் மேடம் என்று நீங்கள் கேட்டபோது எனக்கு ஒரே ஒரு கூட்டம்தான் நினைவுக்கு வந்தது. அனகாபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் தொடங்கி, அதன் வாசலில் ஸ்கூட்டர்களுக்கு நடுவே தொடர்ந்த கூட்டம் அது. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நாம் வேலை பார்க்கும் ஒன்றியத்தை நான் உங்களுக்கு விளக்க வேண்டாம். ஆனால் ஊரில் உள்ளவர்களுக்கு விளக்கிப் பார்த்திருக்கிறீர்களா? பல நாடுகள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு பொது மன்றமும் ஒரு பொது அலுவலகமும் வைத்திருக்கின்றன, அந்த அலுவலகத்துக்குச் சென்னையில் ஒரு கிளை, அதில் நான் தகவல் அலுவலர் என்று சொன்னால் என் சொந்தக்காரர்களே பாதியில் பேச்சை மாற்றிவிடுவார்கள். பம்மலில் தோல் வியாபாரம் செய்துகொண்டிருந்த என் அத்தா மட்டும் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப உனக்கு முதலாளி யாரும்மா?" என்றார். 

நான் சொல்லும் காலம் இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டு. அப்போது எங்கள் கிளைக்குத் தலைவராக இருந்தவர் ஒன்றியத்தின் சின்ன நாடுகளில் ஒன்றிலிருந்து வந்தவர். பெயர் சொல்லமாட்டேன், அவருக்கும் அது பிடிக்காது. கிட்டத்தட்ட என் வயதுதான். இந்த வேலைக்கு வருவதற்கு முன் தன் நாட்டில் ஒரு மலையூருக்கு மேயராக இருந்தவர். ஊருக்குத் தண்ணீர் வராவிட்டால் மேயர் வீட்டுக் கதவைத் தட்டுவார்களாம். அப்படி இரண்டு தேர்தல் பார்த்துவிட்டு வந்த மனிதருக்கு நம்முடைய வழவழா கொழகொழா பேச்செல்லாம் ஆகாது. நான் ரசித்து எழுதிய வாக்கியங்களை எத்தனை முறை அடித்திருக்கிறார் தெரியுமா? எனக்குக் கோபம் வரும், ஆனால் அடித்த பிறகு வாக்கியம் நன்றாக இருக்கும்.

அப்போது கையில் இருந்தது கழிவுநீர்த் திட்டம். பம்மல், அனகாபுத்தூர்ப் பக்கத்து வீடுகளின் சாக்கடை நேராக அடையாற்றில் கலப்பதை நிறுத்த வேண்டும். குழாய் போட்டு, ஆற்றங்கரையில் ஒரு பம்பு நிலையம் கட்டி, கழிவைச் சுத்திகரிப்புக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. பாதிச் செலவு ஒன்றியத்துடையது. நல்ல திட்டம், அதில் சந்தேகமே இல்லை. மழைக்காலத்தில் அந்தத் தெருக்களில் முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீரில் நடந்தவள் நான்.

சிக்கல் ஒன்றுதான். பம்பு நிலையத்துக்குப் பார்த்துவைத்த இடத்தில் ஒரு தெரு இருந்தது. அங்கே இருந்த குடும்பங்களுக்குச் வெகுதொலைவில், சிங்கப்பெருமாள் கோவில் ஊரையும் தாண்டி உள்ளே தள்ளி வீடு கட்டித் தருவதாகத் திட்டம் சொன்னது. அதற்கு அவர்கள் சம்மதிக்க வேண்டும், மக்களைக் கேட்காமல் ஒன்றியம் பணம் தராது என்பது விதி. கேட்பதற்காகத் தலைமையகத்திலிருந்து ஒரு குழு வந்தது. அதற்குத்தான் மண்டபம், மேடை, பூங்கொத்து, டெட்ரா பாக்கெட்டில் மாம்பழ ஜூஸ்.

இங்கே நம் ஒன்றியத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மீதி புரியாது. தலைமையகத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டுமென்றால் எப்போதும் கூட்டம் போட்டுக் கை தூக்குவதில்லை. ஒரு தாளை எல்லா நாடுகளுக்கும் அனுப்பி, ஒரு கெடு வைப்பார்கள். கெடுவுக்குள் எந்த நாடும் வாய் திறக்காவிட்டால் தாள் நிறைவேறியது. மௌனம் சம்மதம் என்று நாம் பழமொழியாகச் சொல்வதை அவர்கள் நடைமுறையாகவே வைத்திருந்தார்கள். வருடக்கணக்காக அப்படியே பழகியவர்களுக்கு உலகம் முழுக்க மௌனம் என்றால் சம்மதம்தான் என்று தோன்றிவிடும்.

மண்டபத்தில் அதுதான் நடந்தது. குழுத் தலைவர் திட்டத்தை விளக்கினார், நான் மொழிபெயர்த்தேன். படம் போட்டுக் காட்டினோம். எந்தத் தெரு போகிறது, வீடு எங்கே கிடைக்கும், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னோம். கடைசியில் அவர் கேட்டார், "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" நான் தமிழில் கேட்டேன். மண்டபம் நிறைய ஆட்கள். மின்விசிறிச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. முன்வரிசையில் இருந்த வார்டு உறுப்பினர் கை தட்டினார், எல்லோரும் தட்டினார்கள். குழுத் தலைவர் மலர்ந்த முகத்தோடு நன்றி சொன்னார்.

எங்கள் தலைவர் கை தட்டவில்லை. மேடையிலேயே என் பக்கம் குனிந்து, "ஏன் யாரும் பேசவில்லை?" என்றார்.

நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். "எங்கள் ஊரில் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்ட வீட்டிலேயே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்பார்கள். பிடிக்கவில்லை என்பது பிறகு யார் மூலமாகவாவது வரும்."

"யார் மூலமாக வரும்?"

"இந்த மாதிரிக் கூட்டம் என்றால் வாசலில் வரும். காரில் ஏறும்போது."

அவர் எழுந்து நேராக வாசலுக்கு நடந்தார். கார்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, ஏறாமல் நின்றார்.

வந்தது. ஜூஸ் பாக்கெட்டைக் கையில் வைத்திருந்த ஒரு பெண், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, "சார், ஒரு நிமிஷம்" என்றாள். பெயர் செல்வி. சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஏற்றுமதி வளாகத்தில் தையல் வேலை. கணவர் இல்லை, பம்மலில் ஒன்பதாவது படிக்கும் ஒரு மகள்.

"நாங்க அந்தத் தெருதான் சார். வூடு குடுக்கறேன்றீங்க, சந்தோசம். ஆனா அம்மாந்தூரம் போயிட்டா நான் எப்டி வேலைக்கு வர்றது? லேட்டா போனா வாட்ச்மேன் கம்பெனி கேட்ட சாத்திடுவான். ஒரு தபா ரெண்டு தபா பாப்பான், அப்பால வராதன்னுடுவான். அப்றம் எங்களுக்குச் சோறு யாரு போடுவாங்க, நீங்களா?"

"இதை உள்ளே சொல்லியிருக்கலாமே?" என்றேன் நான்.

"இன்னாக்கா நீங்க. அம்மாம் பெரிய மனுசங்க மேடையில குந்திகினு கீறாங்க. வந்தவங்களுக்கு ஜூஸ் குடுத்துகினு கீறீங்க. அந்த எடத்துல வேணான்னு சொன்னா நல்லாவா கீது?"

நான் மொழிபெயர்த்தேன். குழுத் தலைவருக்குப் பொறுமை போய்விட்டது. அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நிதியாண்டு முடிவதற்குள் தாள் சுற்றுக்குப் போகாவிட்டால் அந்தப் பணம் வேறு ஊருக்குப் போய்விடும், பம்மல் முழுக்க இன்னும் எத்தனையோ மழைக்காலம் அந்தக் கறுப்புத் தண்ணீரில் நடக்க வேண்டியிருக்கும் என்பது அவருடைய கவலை. "கூட்டம் முடிந்துவிட்டது. வெளியே பேசுவது கணக்கில் வராது" என்றார்.

எங்கள் தலைவர் அவரிடம் அமைதியாகக் கேட்டார், "நீங்கள் நன்றி சொன்னீர்கள். கூட்டம் முடிந்தது என்று சொன்னீர்களா?"

குழுத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எங்கள் தலைவர் என்னைப் பார்த்து, "கூட்டம் தொடர்கிறது என்று சத்தமாகச் சொல்லுங்கள்" என்றார். அந்த வாசலில், ஸ்கூட்டர்களுக்கும் செருப்புக் குவியலுக்கும் நடுவே, நான் சொன்னேன். உள்ளேயிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. அவர் ஒன்றில் உட்கார்ந்து, எதிரே இருந்ததைச் செல்விக்குக் காட்டினார். அவள் உட்காரவில்லை, நின்றபடியே பேசினாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். உள்ளே கை தட்டிய அதே ஆட்கள்தான். குழுத் தலைவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு விமானத்துக்குக் கிளம்பினார்.

அலுவலகத்துக்கு வந்த பிறகு எனக்கும் தலைவருக்கும் பெரிய வாக்குவாதம். நான் சொன்னது இது: தாளின் முதல் பக்கத்தைக் குழு எழுதுகிறது. "மேடையில் கேட்டபோது ஆட்சேபம் எழவில்லை, பிறகு சொல்லப்பட்டவை இணைப்பில் உள்ளன" என்று எழுதுவார்கள். இணைப்பை எந்த நாட்டில் யார் படிக்கப் போகிறார்கள்? நீங்கள் கிளைத் தலைவர். தனியாக ஒரு குறிப்பு வையுங்கள், இந்த இடம் வேண்டாம் என்று உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அவர் மறுத்துவிட்டார். "என்னை இங்கே யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. என் கருத்தை மேலே வைத்தால் என்னுடையதைப் படிப்பார்கள், அந்தப் பெண்ணுடையதைப் படிக்க மாட்டார்கள். நம் வேலை அவள் சொன்னதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதை மட்டும் நன்றாகச் செய்வோம்."

எனக்கு அப்போது அது வறட்டுப் பிடிவாதமாகப் பட்டது. ஒரு வீடும் ஒரு வேலையும் போகப்போகிற நேரத்தில் இது என்ன நியாயம் என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. இணைப்புக்காக நான் செய்துவைத்திருந்த மொழிபெயர்ப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். செல்வி பேசியதை நான் இப்படி எழுதியிருந்தேன்: "வாழ்வாதார வாய்ப்புகளை அணுகுவது குறித்து ஒரு குடியிருப்பாளர் கவலை தெரிவித்தார்."

"அவள் இப்படியா பேசினாள்?" என்றார்.

இல்லை. நான் அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். வாட்ச்மேன் கதவைச் சாத்துவதை எழுதினேன். மகள் படிக்கும் வகுப்பை எழுதினேன். "அப்புறம் எங்களுக்குச் சோறு யார் போடுவார்கள், நீங்களா?" என்பதை அப்படியே எழுதினேன். அலுவலகத் தாளில் அப்படி ஒரு வாக்கியத்தைத் தட்டச்சு செய்யும்போது எனக்கு விரல் கூசியது. இன்று நினைத்தால் என் மொத்தச் சம்பளத்துக்கும் நான் செய்த வேலை அந்த ஒரு பக்கம்தான் என்று தோன்றுகிறது.

தாள் சுற்றுக்குப் போனது. கெடு முடியும் நாளில் எங்களுக்கு வேலையே ஓடவில்லை. ஒரு நாடாவது வாய் திறக்க வேண்டும், இல்லையென்றால் தெரு போயிற்று. பெரிய நாடுகள் ஒவ்வொன்றாகப் பேசாமல் இருந்தன. தலைவர் டீ குடித்தார், பிறகு இன்னொரு டீ குடித்தார். நான் உள்ளுக்குள் துஆ செய்துகொண்டிருந்தேன். பல நாடுகளின் மௌனத்தை உடைக்கச் சொல்லி இறைவனிடம் கேட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் செய்தி வந்தது. ஒரு நாடு பேசியிருந்தது. தலைவருடைய நாடு இல்லை. அதைவிடச் சின்னது, அதன் தலைநகரத்தின் பெயரை நான் உலக வரைபடத்தில் பார்க்க வேண்டியிருந்தது. ஆட்சேபம் என்று நீளமாக ஒன்றும் எழுதவில்லை. ஒரே ஒரு கேள்வி: "இணைப்பில் பேசும் அந்தப் பெண், புதிய வீட்டிலிருந்து கதவு சாத்துவதற்குள் எப்படி வேலைக்குப் போய்ச் சேருவார்?"

அவ்வளவுதான். ஆனால் ஒரு கேள்வி போதும், தாள் நின்றுவிடும். பதில் போய்ச் சேரும்வரை யாரும் எதையும் கட்ட முடியாது. நம் ஒன்றியத்தைப் பற்றி ஊரில் நக்கலடிப்பவர்கள் நிறைய. ஆமை வேகம், தாள் ராஜ்ஜியம், எல்லாம் உண்மைதான். ஆனால் கடல் தாண்டி எங்கேயோ ஒரு அலுவலர் இணைப்பைப் புரட்டி, ஒரு தையல்காரியின் ஷிப்டைப் பற்றி யோசித்திருக்கிறார். அன்றைக்கு எனக்கு இந்த வேலையின் மேல் வந்த மரியாதை பிறகு போகவே இல்லை.

"தகுந்த போக்குவரத்து வசதி செய்து தரப்படும் என்று பதில் போடலாமா?" என்று கேட்டேன். அதுதான் வழக்கமான பதில்.

"கேள்வி அவளைப் பற்றி. அவளே பதில் சொல்லட்டும்" என்றார் தலைவர்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அந்தத் தெருவுக்குப் போனோம். செல்வி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அந்த நாட்டின் பெயரைச் சொன்னேன். அவள் கேள்விப்பட்டதில்லை என்றாள். அது கேட்டிருக்கும் கேள்வியைச் சொன்னேன். ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்துத் தலைவரின் முகத்தைப் பார்த்தாள், அவர் தலையசைத்தார்.

"ஒரு நாடு கேட்டுச்சா? என்னையா?"

"உங்களைத்தான்."

ஈரக் கையை மறுபடி புடவையில் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப பதில் சொல்லணும் இல்ல? எய்திக்கோங்க" என்றாள்.

சொன்னாள், நான் எழுதினேன். "இப்ப இங்கேர்ந்து ஷேர் ஆட்டோ புட்சா பல்லாவரம். அங்கேர்ந்து ட்ரெயின்ல சானடோரியம். எறங்கி நடந்தா கம்பெனி கேட்டு. பாப்பாவ எழுப்பி, சோறாக்கி வெச்சிட்டு வந்தாலும் போய்ச் சேந்துடுவேன். நீங்க சொல்ற எடத்துலேர்ந்து மொதல்ல ஸ்டேஷனுக்கு வரவே வண்டி இல்ல, நான் போய்ப் பாத்துட்டு வந்தேன். செங்கல்பட்டு வண்டி எப்பவோ ஒண்ணுதான் வருது. அத்த வுட்டா அன்னிக்கி வேலை இல்ல. அதனால கேட்டு சாத்தறதுக்குள்ள போவ முடியாதுங்க. சாக்கடைக்கு வழி பண்ணுங்க, வேணான்னு சொல்லல. கொஞ்சம் தள்ளிப் பண்ணுங்க."

"முடிந்ததா?" என்றேன்.

"இருங்க. பதில் மட்டும் போட்டா நல்லா இருக்காது." யோசித்தாள். "அவங்க ஊர்ல எல்லாரும் நல்லா கீறாங்களான்னு கேட்டேன்னு போடுங்க."

அலுவலகத்தில் அந்தக் கடைசி வரியை நான் எடுத்துவிடலாமா என்று கேட்கவே இல்லை. அதற்குள் அந்த அளவுக்குக் கற்றுக்கொண்டிருந்தேன். வழக்கப்படி அந்தப் பதில் ஒன்றியத்தின் எல்லா மொழிகளிலும் பெயர்க்கப்பட்டு எல்லா நாடுகளுக்கும் போயிற்று. எல்லா மொழிகளிலும் செல்வி நலம் விசாரித்திருந்தாள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேலும் இரண்டு நாடுகள் கேள்வி கேட்டன. பொறியாளர்கள் மறுபடி வந்து அளந்தார்கள். கொஞ்சம் தள்ளி, மூடிக்கிடந்த ஒரு தோல் பதனிடும் கூடத்தின் காலிமனையில் பம்பு நிலையத்தை வைக்கலாம் என்றார்கள், குழாய்தான் நீளும். அந்த வருடத்துப் பணம், குழுத் தலைவர் பயந்தபடியே, வேறு ஊருக்குப் போய்விட்டது. பம்மலில் எங்களை வசைபாடினார்கள். எங்கள் தலைவர் அதையும் ஆள் அனுப்பாமல் நேரில் போய் வாங்கிக்கொண்டார். "இது இன்னா சார் பேஜாரு, ஒரு தெருவுக்காக ஊரே நாறணுமா?" என்று ஒருவர் கேட்டதை நான் மொழிபெயர்த்தேன். "நாறக்கூடாது. அடுத்த வருடம் வாங்கித் தருகிறேன், அதுவரை என்னைத் திட்டுங்கள்" என்றார். அடுத்த வருடம் அலைந்து திரிந்து வாங்கித் தந்தார். அவருடைய பதவிக்காலத்தை மட்டும் தலைமையகம் நீட்டிக்கவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் நான் பார்த்த மேலதிகாரிகளில் அவர் ஒருவரைத்தான் மனதார மதித்திருக்கிறேன்.

அவர் கிளம்புவதற்குச் சில நாட்களுக்கு முன் அந்தச் சின்ன நாட்டிடமிருந்து தாள் வந்தது. இடம் மாற்றப்பட்டதால் தன் கேள்வியைத் திரும்பப் பெறுவதாக, எண்ணும் பிரிவும் போட்டு, அச்சு அசல் அலுவலக மொழியில் எழுதியிருந்தார்கள். முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. கையெழுத்துக்கு மேலே, எந்த விதியிலும் இல்லாத ஒரு வரி இருந்தது. நான் அதை அன்றைக்கே அனகாபுத்தூருக்குக் கொண்டுபோய், பக்கத்து வீட்டில் நெசவுத் தறி ஓடும் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, செல்விக்குப் படித்துக் காட்டினேன்.

"இங்கே எல்லோரும் நலம். கேட்டதற்கு நன்றி."